சாடியும் நீரும் ‘கைராசி’யும்
பெருங்கொள்கலன்களில் செடி வளர்ப்பதன் பௌதிக அடிப்படை பற்றிய ஒரு விளக்கம்

1. தோற்றுவாய்

வீட்டு முற்றத்திலே ஒரு செடி செழித்து வளர்ந்தால், அதனை நட்டவருக்குக் கைராசி உண்டென்கிறோம். அதே செடி வேரழுகி மடிந்தால், கைராசி இல்லையென்கிறோம். எமது சமூகத்தில் இத்தீர்ப்பு பெரும்பாலும் பெண்கள்மீதே விதிக்கப்படுகின்றது என்பதும் ஈண்டு கருதத்தக்கது. ஒரு விளைவின் காரணத்தைப் பொருள்களிடையே தேடாது, மனிதரின் கையிலே, அதாவது அவரால் மாற்றவியலாத ஒரு பிறவிக்குணத்திலே தேடும் சிந்தனைமுறைக்கு இது ஓர் எளிய உதாரணமாகும். சாடியில் வளரும் செடியைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதைக் காட்டுவதும், பெரிய கொள்கலன்களை எவ்வாறு நிரப்புவது, அவற்றிலிருந்து நீரை எவ்வாறு வடிப்பது ஆகிய வினாக்களுக்குப் பௌதிகவியல் தரும் விடைகளை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

இது ஓய்வுநேரப் பொழுதுபோக்குப் பற்றிய விடயம் மட்டுமன்று. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடையும், அதனையடுத்து 2022ஆம் ஆண்டில் முற்றிய பொருளாதார நெருக்கடியும் இலங்கை மக்களின் அன்றாட உணவை நேரடியாகத் தாக்கின. 2022 ஜூன் மாதத்தில், அரசாங்க ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க அமைச்சரவை இணங்கியது. பயிரிடுங்கள் என்ற அறைகூவல் எல்லோருக்கும் பொதுவாகவே விடுக்கப்பட்டது. ஆனால் நிலம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. தலைநகரின் தொடர்மாடிகளில் வாழ்வோருக்கும், மலையகத்தின் லயன் அறைகளில் வாழ்வோருக்கும் நிலம் என்பது வெட்டிய பீப்பாவின் ஒரு பாதியாகவோ, ஒரு சீமெந்துத் தொட்டியாகவோ, ஓர் உரப்பையாகவோதான் அமையமுடியும். அத்தகையவருக்கு ஒரு தொட்டிக் கத்தரி அழிவது அழகுக்குறைவன்று; வாங்கிய மண்ணின் விலையும், சுமந்த நீரின் உழைப்பும், எதிர்பார்த்த கறியும் ஒருங்கே இழக்கப்படுவதாகும். எனவேதான் கைராசி என்ற விளக்கத்தை நாம் ஏற்றுக்கொண்டு வாளாவிருத்தல் இயலாது.

2. தாழி முதல் பீப்பா வரை

கொள்கலனில் மரஞ்செடிகளை வளர்ப்பது மிகப் பழைய வழக்கம். எகிப்திய அரசி ஹட்செப்சுட்டின் காலத்திலே, கி.மு. 15ஆம் நூற்றாண்டில், புண்ட் நாட்டிலிருந்து நறும்பிசின் மரங்கள் கூடைகளில் வேரோடு கொண்டுவரப்பட்ட காட்சி டெயிர் எல்-பஹ்ரிக் கோயிற் சுவரிலே செதுக்கப்பட்டுள்ளது. தாழியிலே செடி வளர்ந்தமைக்குத் தமிழ்ச் சங்கப் பாடல்களிலும் குறிப்புண்டு. எனினும், பெருங்கொள்கலன்களில் மரம் வளர்த்தல் ஒரு பெரும் நிறுவனமாக வளர்ந்தது ஐரோப்பிய அரண்மனைகளிலேயே. பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1684க்கும் 1686க்கும் இடையில் கட்டப்பட்ட தோடைமர மண்டபம் இதற்குத் தலைசிறந்த உதாரணமாகும். அங்கு மரங்கள் பெரும் மரப்பெட்டிகளில் நடப்பட்டு, குளிர்காலத்தில் மண்டபத்தினுள்ளும் கோடையில் வெளியிலும் வைக்கப்பட்டன. அப்பெட்டிகளின் பக்கப் பலகைகளைக் கழற்றி, வேரைப் பரிசோதிக்கவும் பழைய மண்ணை அகற்றிப் புதிய மண்ணை இடவும் முடிந்தது.

இவ்வமைப்பின் பின்னால் நின்றது தோட்டத் தொழிலாளரின் பெருந்தொகையான உழைப்பு என்பதை நாம் மறந்துவிடலாகாது. அரசனின் பெட்டியில் ஏற்படும் பிழையைத் திருத்துவதற்கு ஆட்கள் இருந்தனர். ஒரு சாதாரண குடும்பத்திடம் அத்தகைய வசதியில்லை. 60 சென்ரிமீற்றர் விட்டமும் 60 சென்ரிமீற்றர் உயரமுமுள்ள ஓர் உருளைத் தொட்டியின் கனவளவு ஏறத்தாழ 170 லீற்றர் ஆகும். அது ஈரமான தோட்டமண்ணால் நிரப்பப்பட்டால் அதன் நிறை ஏறத்தாழ 300 கிலோகிராம். ஒருமுறை நிரப்பியபின் அதனைக் கவிழ்த்துப் பார்ப்பதோ இடம்மாற்றுவதோ எளிதன்று. சிறிய சாடியிற் செய்த பிழையை மறுநாளே திருத்திக்கொள்ளலாம்; பெரிய கொள்கலனிற் செய்த பிழையோடு பல ஆண்டுகள் வாழவேண்டும். ஆகவே நிரப்புவதற்கு முன்னரே விளங்கிக்கொள்ள வேண்டியது அவசியமாகின்றது.

3. துவாரம் இருந்தும் நீர் ஏன் தங்குகின்றது?

கொள்கலனின் அடியில் துவாரம் இருந்தால் நீர் முழுவதும் வடிந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். வெறும் பாத்திரத்தைப் பொறுத்தவரை இது சரியே. மண் நிறைந்த பாத்திரத்தைப் பொறுத்தவரை இது பிழை. இதனை எவரும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். செவ்வக வடிவான பஞ்சுத் துண்டொன்றை நீரில் நன்கு ஊறவைத்து, அதன் அகன்ற பக்கம் கீழிருக்குமாறு கிடையாக ஏந்துக. நீர் சொட்டி, சிறிது நேரத்தில் நின்றுவிடும். இப்போது அதே பஞ்சினை நீளவாக்கில் நிமிர்த்திப் பிடித்தால் மீண்டும் நீர் சொட்டத் தொடங்கும். பஞ்சு மாறவில்லை, அதன் நுண்துளைகளும் மாறவில்லை, மாறியது உயரம் ஒன்றே. நுண்துளைகளில் நீரைப் பிடித்துவைத்திருக்கும் பரப்பிழுவிசைக்கும், அந்நீரைக் கீழே இழுக்கும் புவியீர்ப்புக்கும் இடையிலான போட்டியையே இங்கு காண்கின்றோம்.

இப்போட்டியின் முடிவைக் கணித்துக் கூறவும் முடியும். ஒரு மயிர்த்துளைக் குழாயில் நீர் எவ்வளவு உயரத்திற்குத் தாங்கப்படும் என்பது குழாயின் விட்டத்திற்கு நேர்மாறு விகிதசமமானது. விட்டம் 1 மில்லிமீற்றராயின் உயரம் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர், 0.3 மில்லிமீற்றராயின் 10 சென்ரிமீற்றர், 0.1 மில்லிமீற்றராயின் 30 சென்ரிமீற்றர். மண்ணின் துளைகள் ஒரே அளவான குழாய்கள் அல்லவெனினும், விதி ஒன்றே: துளை சிறிதாகுந்தோறும் அது தாங்கும் நீரின் உயரம் கூடும். இவ்வகையில் கொள்கலனின் அடியிலே, வடிதல் நின்ற பின்னரும், நீர் நிரம்பிய ஒரு படை எஞ்சியிருக்கும். இதனைத் தொங்குநீர்ப் படை எனலாம். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் துளையளவேயன்றிச் சாடியின் விலையோ துவாரங்களின் எண்ணிக்கையோ அன்று. துவாரங்கள் கூடினால் நீர் விரைவாக வெளியேறும். ஆனால் வடிந்து முடிந்தபின் எஞ்சும் நீரின் உயரம் குறையாது.

நிலத்திலே இந்நிலை பொதுவாக ஏற்படாமைக்குக் காரணம், அங்கு மேல்மண்ணின் கீழ் தொடர்ச்சியாக மேலும் மண் இருப்பதாகும். கீழுள்ள மண்ணின் நுண்துளைகள் மேலுள்ள நீரை இடையறாது இழுத்துக்கொள்கின்றன. கொள்கலனின் அடியிலோ அத்தொடர்ச்சி அறுந்துவிடுகின்றது. எனவே நிலத்தில் நன்றாக வடியும் மண், அதே நிலையிற் சாடிக்குள் இடப்பட்டதும் சேறாக மாறுவதில் வியப்பில்லை. மண் நீரை எவ்வளவு வலுவுடன் பற்றியிருக்கின்றது என்பதை அளவிடத்தக்க ஒரு கணியமாக வகுத்தவர் அமெரிக்கப் பௌதிகவியலாளர் எட்கர் பக்கிங்ஹாம் ஆவார். அவரது ஆய்வு 1907இல் வெளிவந்தது. 1931இல் ரிச்சர்ட்ஸ் என்பவர் அதனை மேலும் விரித்து, நீர் நிரம்பாத மண்ணிலே நீர் ஓடும் முறையைச் சமன்பாடாக்கினார். தொட்டிச் செடியின் தலைவிதியை விளக்கும் அடிப்படை இவ்வாறு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அமைக்கப்பட்டுவிட்டது.

தொங்குநீர்ப் படை செடிக்கு ஏன் தீங்காகின்றது? வேர்கள் சுவாசிப்பதற்கு ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசன் வளியிற் பரவும் வேகத்தோடு ஒப்பிடுகையில் நீரிற் பரவும் வேகம் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. துளைகள் யாவும் நீரால் நிரம்பியவிடத்து வேர் மூச்சுத்திணறுகின்றது. மூச்சுத்திணறிய வேர் நீரை உறிஞ்சும் ஆற்றலை இழக்கின்றது. ஈரமண்ணிலே போதிய ஊடகத்தைப் பெறும் பிதியம், பைத்தோப்தோரா முதலிய நோய்க்கிருமிகள் நலிந்த வேரை எளிதிற் தாக்குகின்றன. இதன் விளைவாக, நீரின் நடுவே நிற்கும் செடி நீரின்றி வாடுகின்றது. இங்குதான் அவலம் நிகழ்கின்றது. வாடிய இலையைக் கண்டவர் செடிக்குத் தாகமென எண்ணி மேலும் நீர் வார்க்கின்றார். அவரது அக்கறையே செடியை அழிக்கின்றது. பின்னர் ஊர் அவருக்குக் கைராசி இல்லையென்கின்றது.

4. அடியில் இடப்படும் கற்கள்

சாடியின் அடியிலே ஓட்டுத் துண்டுகளையோ சல்லியையோ பரப்பி, அதன்மீது மண்ணை இடவேண்டும் என்று தோட்டக்கலை நூல்கள் தலைமுறை தலைமுறையாகக் கூறிவந்துள்ளன. கல்லிடையே நீர் எளிதாக ஓடுவதைக் கண்ணாற் காண்கின்றோம். ஆதலால் கல் நீரை வடிக்கும் என்ற முடிவு இயல்பாகவே தோன்றும். ஆனால் நீர் கல்லினுள் ஓடுவதற்கு முதலில் மண்ணை விட்டு நீங்கவேண்டும். மண்ணின் சிறு துளைகள் நீரைப் பற்றியிருக்க, கற்களின் பெருந்துளைகளோ அதனை இழுக்கும் வலுவற்றவை. எனவே மண் அதன் எல்லையில் ஏறத்தாழ நிரம்பும்வரை நீர் கற்படைக்குள் இறங்குவதில்லை. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் வொஷிங்ரன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்ற்றர் காட்னர், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் மண்படைகளை அடுக்கி நீர் இறங்குவதைப் படம்பிடித்துக் காட்டினார். நுண்மண்ணிலிருந்து பரும்படிப் படையை அடைந்த நீர், அவ்வெல்லையிலே தயங்கி நின்று பக்கவாட்டிற் பரவுவதை அப்படத்திற் காணலாம்.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். 30 சென்ரிமீற்றர் ஆழமான தொட்டியில், 10 சென்ரிமீற்றர் தொங்குநீரைத் தாங்கும் கலவை இடப்பட்டுள்ளது என்க. வளியுள்ள பகுதி 20 சென்ரிமீற்றர். அதே தொட்டியின் அடியில் 10 சென்ரிமீற்றர் கல்லைப் பரப்பினால் கலவையின் ஆழம் 20 சென்ரிமீற்றராகும். தொங்குநீர்ப் படை கல்லின்மேல் ஏறி அமர்ந்துகொள்ள, வேருக்கு எஞ்சும் வளியுள்ள பகுதி ஏறத்தாழ 10 சென்ரிமீற்றரே. வடிப்பதற்கென்று செய்த ஏற்பாடு, வேரின் இடத்தைப் பாதியாக்கிவிட்டது.

இவ்விடத்திலே ஒரு முரண்பாடு கருதத்தக்கது. அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட புற்றரை அமைப்பு முறையில், ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் மணற்கலவையின் கீழ் 10 சென்ரிமீற்றர் சரளைக்கல் இடப்பட்டது. மிகையான மழைநீர் கீழே வெளியேறவும், அதேவேளை புல்லுக்குத் தேவையான ஈரம் மணற்கலவையிலே தங்கி நிற்கவும் வேண்டும் என்பதே அதன் நோக்கம். செல்வந்தரின் விளையாட்டுத் திடலில் நீரைத் தக்கவைப்பதற்கென்று அறிந்து இடப்படும் அதே கற்படை, ஏழையின் கத்தரித் தொட்டியில் நீரை வடிப்பதற்கென்று அறியாது இடப்படுகின்றது. அறிவு இருந்தும் அது எவரைச் சென்றடைந்தது என்பதே வினா.

எனினும் ஒரு பழைய சூத்திரத்தை அகற்றிவிட்டு இன்னொரு சூத்திரத்தை அதனிடத்தில் அமர்த்துதல் விஞ்ஞானமாகாது. 2025இல் வெளியான பரிசோதனை ஆய்வொன்று, அடிப்படை இடுவதாற் கலவை தேக்கிவைக்கும் நீர் சில சந்தர்ப்பங்களிற் குறையவும் கூடும் எனவும், கலவையின் தன்மையையும் படையின் தடிப்பையும் பொறுத்து விளைவு வேறுபடும் எனவும் காட்டியது. ஆகவே கற்படை எப்போதும் கெடுதியே என வாதிடவேண்டியதில்லை. ஆனால் அது பொருந்தாத கலவையைத் திருத்திவிடாது. வேருக்குரிய இடத்தையும் எடுத்துக்கொள்கின்றது. கல்லுக்குச் செலவிடும் உழைப்பைக் கலவைக்குச் செலவிடுதலே தகும்.

5. நிரப்புதல்

மேற்கூறியவற்றிலிருந்து நிரப்புதலின் தலையாய விதி பெறப்படுகின்றது: அடி முதல் மேல்வரை ஒரே சீரான, பெருந்துளைகள் போதியளவு கொண்ட கலவையை இடுக. படைபடையாக வெவ்வேறு பொருள்களை அடுக்கலாகாது. துவாரத்தின் வழியே மண் வெளியேறுமென்று அஞ்சினால் ஒரு வலைத்துண்டோ ஒற்றை ஓட்டுத் துண்டோ போதுமானது.

தோட்டமண்ணை மட்டும் இடுதல் பிழை. களிமண்ணோடு சிறிதளவு மணலைச் சேர்த்தலும் பயன் தராது. மணற்பருக்கைகளுக்கு இடையிலுள்ள வெளிகளைக் களி நிரப்பிவிட, முன்னிருந்ததிலும் இறுகிய பொருளே கிடைக்கும். 1930களில் இங்கிலாந்தின் ஜோன் இன்னெஸ் தோட்டவியல் நிறுவனத்தில் வகுக்கப்பட்ட புகழ்பெற்ற கலவை, கனவளவில் 7 பங்கு மண்ணும் 3 பங்கு பீற் என்னும் சதுப்புநிலத் தாவரப்பொருளும் 2 பங்கு பரும்படி மணலும் கொண்டது. எமக்குப் பீற் தேவையில்லை. தும்பு ஆலைகளின் அருகே ஒரு காலத்தில் கழிவாகக் குவிந்து கிடந்த தென்னந்தும்புத் தூள், இன்று இலங்கையிலிருந்து பல நாடுகளின் கண்ணாடி வீடுகளுக்கு வளர்ப்பூடகமாக ஏற்றுமதியாகின்றது. அந்நிய நாட்டவர் விலைகொடுத்து வாங்கும் அப்பொருளை எமது தொட்டிகளிலும் பயன்படுத்தலாம். ஆயினும் உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து பெற்ற தூளில் உப்பு மிகுந்திருக்கும். நன்னீரால் இரண்டு மூன்று முறை அலசியபின்னரே அதனைச் சேர்க்கவேண்டும். ஒரு பங்கு மண், ஒரு பங்கு தும்புத்தூள், ஒரு பங்கு தூசு நீங்க அரித்த செங்கற் சிறுதுண்டு அல்லது பரும்படி மணல், அரைப் பங்கு முதிர்ந்த கூட்டெரு என்பதை ஒரு தொடக்க அளவாகக் கொள்ளலாம்.

அது பொருந்துமா என்பதைச் சோதிக்க எளிய வழியுண்டு. ஒரு லீற்றர் கொள்ளும் பாத்திரத்தின் அடியிற் துளையிட்டு, துளைகளை அடைத்து, கலவையால் நிரப்புக. பின்னர் மேற்பரப்பு மினுங்கும்வரை மெதுவாக நீர் ஊற்றி, சிறிது நேரம் ஊறவிடுக. இப்போது துளைகளைத் திறந்து, வடியும் நீர் முழுவதையும் சேர்த்து அளக்கவேண்டும். 150 மில்லிலீற்றர் வடிந்தால், வடிந்த இடத்தை வளி நிரப்பியுள்ளது. அதாவது வளியின் பங்கு நூற்றுக்கு 15. இது நூற்றுக்கு 10 முதல் 30 வரை இருத்தல் பொதுவாக விரும்பப்படுகின்றது. 10க்குக் குறைந்தால் பரும்படிப் பொருளைக் கூட்டுக. ஆழம் கூடிய தொட்டியில் இதே கலவை மேலும் கூடிய வளியைத் தரும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். முன்னர் கூறிய 10 சென்ரிமீற்றர் தொங்குநீர், 15 சென்ரிமீற்றர் ஆழமான சாடியில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்துக்கொள்கின்றது. 60 சென்ரிமீற்றர் ஆழமான தொட்டியில் ஆறில் ஒரு பங்கையே பிடிக்கின்றது. பெரிய கொள்கலனின் உண்மையான நன்மை இதுவே.

செலவையும் நிறையையும் குறைக்கும் பொருட்டு, வெற்றுப் பிளாஸ்ரிக் போத்தல்களைத் தொட்டியின் அடியில் இட்டு மேலே மண் நிரப்பும் வழக்கம் உண்டு. மாடிகளில் நிறை ஒரு பாதுகாப்புப் பிரச்சினையாதலால் இதனை முற்றாக மறுக்கவியலாது. ஆனால் ஆழத்தினாற் பெறப்படும் நன்மையை அந்தளவுக்கு இழக்கின்றோம் என்பதை அறிந்தே செய்யவேண்டும். ஆழமற்ற வேருடைய கீரைக்கு இது பொருந்தும், எலுமிச்சைக்குப் பொருந்தாது.

கலவையைச் சிறிது ஈரமாக்கியபின், பகுதி பகுதியாக இட்டு, கையால் மெதுவாகப் படியச்செய்க, மிதித்து இறுக்கலாகாது. நீர் வார்ப்பதற்கென மேலே 5 சென்ரிமீற்றர் அளவு இடம் விடுக. கூட்டெருவை மிகையாக இடுவோர் முதலாண்டில் நல்ல விளைவைக் காண்பர். பின்னர் அது உக்கிச் சுருங்க, தொட்டியின் மண் தாழ்ந்து, நுண்பொருள்கள் துளைகளை அடைத்துவிடும். எனவே பல்லாண்டு நிற்கும் மரத்துக்கான தொட்டியில் உக்காத கனிப்பொருள்களின் பங்கு கூடுதலாக இருத்தல் வேண்டும். கூட்டெருவை ஆண்டுதோறும் மேற்பரப்பில் இட்டுக்கொள்ளலாம்.

6. வடித்தல்

துவாரங்கள் அடித்தளத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் அமையவேண்டும். பீப்பாவின் பக்கத்தில் உயரத் துளையிட்டால், துளைக்குக் கீழுள்ள பகுதி குளமாகவே இருக்கும். தொட்டியைச் சமதளமான சீமெந்துத் தரையில் நேரே வைத்தால் தரையே துவாரத்தை அடைத்துவிடும். செங்கற் துண்டுகளின்மீது 2 அல்லது 3 சென்ரிமீற்றர் உயர்த்தி வைப்பது போதுமானது. மண் தரையுள்ள இடத்தில், அடி நீக்கிய பீப்பாவை நிலத்தின்மீதே நிறுத்தி நிரப்புவது மிகச் சிறந்தது. அங்கே மண்ணின் தொடர்ச்சி மீண்டும் ஏற்படுவதால் நிலமே நீரை இழுத்துக்கொள்ளும். இத்தத்துவத்தையே மாடியிலும் பயன்படுத்தலாம். ஒரு தடித்த பருத்தித் துணித்திரியின் ஒரு முனையைக் கலவைக்குள் பதித்து, மறுமுனையைத் துவாரத்தினூடாகக் கீழே தொங்கவிட்டால், அது தொங்குநீரின் ஒரு பகுதியை வெளியே இழுக்கும்.

ஏற்கெனவே நீர் தேங்கிய தொட்டியைப் பொறுத்தவரை, முதலிற் செய்யவேண்டியது நீர் வார்த்தலை நிறுத்துவது. அடுத்து, கீழிருந்து ஒரு கம்பியால் துவாரத்தைக் குத்தி அடைப்பை நீக்கவேண்டும். தூக்கக்கூடியதாயின் தொட்டியை ஒரு பக்கம் சரித்து வைத்தால், பஞ்சினை நிமிர்த்தியபோது நிகழ்ந்ததே இங்கும் நிகழும். மேலும் நீர் வடியும். தூக்கமுடியாத தொட்டிக்குத் திரியே வழி. அதுவும் பயனளிக்காவிடின், மழையற்ற காலத்தில் செடியைப் பெயர்த்து, கலவையையே மாற்றவேண்டியிருக்கும்.

வடித்தல் என்பது செடியின் நலத்தோடு மட்டும் முடிவதன்று. தொட்டியின் கீழ் வைக்கப்படும் தட்டில் தேங்கும் நீர், டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு முட்டையிடும் இடங்களுள் ஒன்றாகும். 2017ஆம் ஆண்டிலே இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாகினர். தட்டைத் தவிர்த்தல் நன்று; தவிர்க்கவியலாதெனின் நீரைக் கொட்டி, விளிம்பைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும், முட்டைகள் சுவரில் ஒட்டியிருக்குமாதலால். ஒரு வீட்டின் பால்கனியிற் தேங்கும் நீர் அவ்வீட்டாருக்கு மட்டும் உரிய விடயமன்று.

7. முடிவுரை

பரப்பிழுவிசையும் புவியீர்ப்பும் எவருடைய கையையும் பார்த்து இயங்குவதில்லை. ஒரே கலவை, ஒரே ஆழம், ஒரே அளவு நீர் என்பன இருக்குமிடத்து, யார் ஊற்றினாலும் தொங்குநீர் ஒரே உயரத்திலேயே நிற்கும். கைராசியுள்ளவர் என்று நாம் போற்றுபவரை அணுகிப் பார்த்தால், அவர் விரலை மண்ணுள் நுழைத்து ஈரத்தை அறிந்தபின்னரே நீர் வார்ப்பதையும், எந்த மண் இறுகும், எது இளகும் என்பதைப் பன்முறை தவறிக் கற்றிருப்பதையும் காணலாம். அது அறிவே, ஆனால் பெயரிடப்படாத அறிவு. பெயரிடப்படாத அறிவு ஒருவரோடு மறைந்துவிடும். விளக்கப்பட்ட அறிவு பலருக்கும் உரியதாகும்.

நெருக்கடிக் காலத்திலே நிலமற்றோரை நோக்கிப் பயிரிடுங்கள் என்று கூறும் ஒரு சமூகம், அவர்களுக்கு விதைப் பொதியோடு இவ்விளக்கத்தையும் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளது. எமது பாடசாலை விஞ்ஞான வகுப்பிலே மயிர்த்துளைமை கண்ணாடிக் குழாயைக் கொண்டு கற்பிக்கப்படுகின்றது. அக்குழாயின் அருகே ஒரு பூச்சாடியையும் வைத்துக் கற்பித்தல் எவ்வகையிலும் கடினமன்று. அதைக் கண்ட மாணவி, வாடிய செடிக்கு நீர் வார்க்கமுன் மண்ணுள் விரலை நுழைத்துப் பார்ப்பாள். தன் தாய்க்குக் கைராசி இல்லையென எவரேனும் கூறினால், அதற்கு மறுமொழி கூறவும் அவளால் முடியும்.